78 அடிக்கும் பையனுக்குக் கல்லூரி கோல்ஃப் அணியில் இடம் உண்டா?

டெக்சஸிலிருந்து ஒரு தகப்பனார் கேட்டிருக்கிறார். மகன் 10ஆம் வகுப்பு, ஹைஸ்கூல் அணியில் இரண்டாவது ஆட்டக்காரன், சராசரி ஸ்கோர் 78 (ஒரு சுற்றின் 18 ஓட்டைகளையும் முடிக்க ஆன அடிகள், குறைந்தால் நல்லது), ஹேண்டிகேப் 3 (ஆட்டக்காரரின் திறமையை அளக்கும் எண், இதுவும் குறைந்தால் நல்லது). அமெரிக்கக் கல்லூரி அணியில் ஆட முடியுமா, ஸ்காலர்ஷிப் கிடைக்குமா, காசு வாங்கிக்கொண்டு கோச்சுகளிடம் அறிமுகம் செய்து வைக்கிறோம் என்பவர்களை நம்பலாமா என்பது கேள்வி. குடும்பம் எச்-1பி விசாவில் இருப்பதையும், 7ஆம் வகுப்பில் ஒரு மகளும் கோல்ஃப் ஆடுவதையும் கடைசி வரியில் சேர்த்திருக்கிறார். 'என் பையன் தேறுவானா' என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. 'எந்தக் கல்லூரி அணியில் இவன் ஐந்தாவது ஆளாக நிற்பான்' என்று கேட்டால் பதில் உண்டு, அதை நீங்களே வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஏன் ஐந்தாவது ஆள்? கல்லூரிப் போட்டிகளில் ஓர் அணிக்கு ஐந்து பேர் ஆடுவார்கள், ஒவ்வொரு சுற்றிலும் சிறந்த நான்கு ஸ்கோர்தான் சேரும். பெரும்பாலும் 54 ஓட்டைகள்: முதல் நாள் 36, மறுநாள் 18, பையைத் தூக்கிக்கொண்டோ தள்ளிக்கொண்டோ நடந்தே. கோச்சுக்கு வேண்டியது எப்போதாவது 69 அடித்து மறுநாள் 83 அடிக்கிற பையன் அல்ல. மோசமான நாளிலும் 76க்கு மேல் போகாதவன். அதனால் அவர்கள் உங்கள் மகனின் சிறந்த ஸ்கோரைவிட மோசமான ஸ்கோரைத்தான் உற்றுப் பார்ப்பார்கள். 74, 79 என்று இரண்டு நாள் ஆடியிருந்தால் கண் 79க்குத்தான் போகும்.

முதலில் அந்த 78ஐப் பிரிப்போம். எந்த கோர்ஸில் (மைதானத்தில்), எந்த டீயிலிருந்து (ஓட்டையின் முதல் அடியை அடிக்கிற இடம்), எத்தனை யார்டில் என்று தெரியாமல் 78 என்பது வெறும் எண். ஒவ்வொரு டீக்கும் கோர்ஸ் ரேட்டிங் என்று ஒரு எண் ஸ்கோர்கார்டிலேயே அச்சாகியிருக்கும். ஹேண்டிகேப் பூஜ்யமாக உள்ளவர் அந்த டீயிலிருந்து நன்றாக ஆடினால் எவ்வளவு அடிப்பார் என்பதன் மதிப்பீடு அது. ஸ்கோரிலிருந்து ரேட்டிங்கைக் கழித்தால் கிடைக்கும் வித்தியாசம்தான் கோச்சுகள் பேசுகிற கணக்கு. ரேட்டிங் 69.4 உள்ள இடத்தில் 74 அடித்தால் வித்தியாசம் 4.6. ரேட்டிங் 73.1 உள்ள இடத்தில் 76 அடித்தால் 2.9. பார்க்கிறவர்களுக்கு 74 மேலாகத் தெரியும். கோச்சுக்கு 76தான் மேல்.

ஹேண்டிகேப் 3 என்பதையும் அப்படியே கோச்சிடம் நீட்டாதீர்கள். அது கடைசி 20 ரவுண்டில் சிறந்த 8ஐ மட்டும் எடுத்துப் போடும் கணக்கு. அதிலும் நண்பர்களோடு சனிக்கிழமை ஆடியது எல்லாம் சேர்ந்திருக்கும். அது திறமையின் உச்சத்தைக் காட்டுமே தவிர சராசரியைக் காட்டாது. ஹேண்டிகேப் 3 உள்ள பையன் ரேட்டிங் 72 உள்ள இடத்தில் போட்டியில் 77, 78 அடிப்பது இயல்பே. உங்கள் இரண்டு எண்களும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. செய்ய வேண்டியது இதுதான்: கடந்த 12 மாதத்தில் ஆடிய 18 ஓட்டைப் போட்டி ரவுண்டுகளை மட்டும் எடுத்து ஒரு தாளில் தேதி, கோர்ஸ், யார்டு, ரேட்டிங், ஸ்கோர், வித்தியாசம் என்று எழுதுங்கள். ஒன்பது ஓட்டைப் பள்ளிப் போட்டிகளை விட்டுவிடுங்கள், கோச்சுகள் அவற்றைப் பொருட்படுத்துவதில்லை. அந்தத் தாளில் 'வித்தியாசம்' என்ற கடைசிப் பத்தியின் சராசரிதான் இனி உங்கள் மகனின் எண்.

அந்த எண்ணை வைத்துக்கொண்டு எங்கே நிற்கிறான் என்று பார்க்கலாம். இனிச் சொல்வது சட்டம் அல்ல, கோச்சுகள் எடுக்கிற ஆட்களைப் பார்த்துப் பார்த்து உருவான கைக்கணக்கு; ஒன்றிரண்டு ஸ்ட்ரோக் (அடி) முன்பின் இருக்கும். கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ என்ற அமைப்பு கல்லூரிகளை டிவிஷன் 1, 2, 3 என்று பிரித்திருக்கிறது, 1தான் மேல்நிலை. ஆண்கள் பிரிவில் டிவிஷன் 1இன் மேல்தட்டு அணிகள் 12ஆம் வகுப்பில் ரேட்டிங்கை ஒட்டியோ அதற்குக் கீழோ ஆடுகிறவர்களைத்தான் எடுக்கின்றன. டிவிஷன் 1இன் நடுத்தர, கீழ்நிலை அணிகளுக்கு வித்தியாசம் 1 முதல் 3 வரை. நல்ல டிவிஷன் 2 அணிகளுக்கும் ஏறக்குறைய அதே அளவு. மற்றவற்றுக்கு 3 முதல் 5. டிவிஷன் 3 மிகவும் அகலமானது: முன்னணி அணிகள் டிவிஷன் 1க்குச் சமமாகவே ஆடும், கீழே 8 வரைக்கும் இடம் இருக்கும். என்ஏஐஏ என்கிற தனி அமைப்பின் கல்லூரிகளும், இரண்டு வருட ஜூனியர் காலேஜ்களும் இதே போல விரிந்து கிடக்கின்றன. மேற்கு டெக்சஸின் மிட்லண்ட், ஒடெசா போன்ற ஜூனியர் காலேஜ் அணிகளைச் சாதாரணமாக எண்ணிவிடாதீர்கள். இன்றைக்கு வித்தியாசம் 6 என்றால் உங்கள் மகன் இப்போதே டிவிஷன் 3இன் கணிசமான அணிகளின் வட்டத்துக்குள் இருக்கிறான். 11ஆம் வகுப்பு முடிவதற்குள் மூன்று ஸ்ட்ரோக் குறைத்தால் டிவிஷன் 2 கதவு திறக்கும். டிவிஷன் 1 வேண்டுமென்றால் ஒன்றரை வருடத்தில் நான்கைந்து குறைய வேண்டும். உயரமும் பலமும் இன்னும் கூடுகிற வயது என்பதால் நடக்கவே நடக்காது என்று சொல்ல மாட்டேன். நடக்கும் என்று சொல்லிப் பணம் கேட்பவரையும் நம்பாதீர்கள்.

நம் வீடுகளில் உடனே இந்திய வம்சாவளி ஆட்டக்காரர்களான சாஹித் தீகலா பெயரும் மேகா கண்ணே பெயரும் வரும். தீகலா பெப்பர்டைன் பல்கலைக்கழகத்தில் படித்து 2020இல் ஹாஸ்கின்ஸ், ஹோகன், நிக்லாஸ் என்ற மூன்று கல்லூரி கோல்ஃப் விருதுகளையும் ஒரே வருடம் வாங்கியவர். கண்ணே 2021இல் 17 வயதில் யு.எஸ். விமன்ஸ் ஓப்பனின் முதல் சுற்றில் முன்னிலையைப் பகிர்ந்தவர், பிறகு ஸ்டான்ஃபோர்டு, 2025இல் யு.எஸ். விமன்ஸ் அமெச்சூர் பட்டம். பெருமைப்பட வேண்டியவர்கள். ஆனால் பள்ளி நாட்களிலேயே தேசிய அளவில் இருந்தவர்களை அளவுகோலாக வைத்தால் எந்த வீட்டுப் பிள்ளையும் குள்ளமாகத்தான் தெரியும்.

அணி தேடும் வேலையை இப்படிச் செய்யுங்கள். ஒரு கல்லூரியின் விளையாட்டு இணையதளத்தில் ஆண்கள் கோல்ஃப் ரோஸ்டரை (ஆட்டக்காரர் பட்டியலை) திறங்கள். ஒன்பது பேர் இருக்கிறார்கள் என்று வையுங்கள். உங்கள் மகன் சேரும் ஆண்டில் அவர்களில் யார் யார் படிப்பு முடித்துப் போயிருப்பார்கள் என்று எண்ணுங்கள். இப்போது முதல் ஆண்டில் இருப்பவர்களும், இனி அவனுக்கு முன் சேருகிறவர்களும்தான் அவனோடு இடத்துக்குப் போட்டி போடுவார்கள். அடுத்து அணியின் இந்த சீசன் முடிவுகளைப் பாருங்கள். கிளிப்ட் நடத்தும் ஸ்கோர்போர்டு தளத்தில் கல்லூரி கோல்ஃப் முடிவுகள் கிடைக்கும். நான்காவது, ஐந்தாவது ஆட்டக்காரர்களின் சராசரி 75.8 என்றால், அந்த கோர்ஸ்கள் ஏறக்குறைய 7,000 யார்டு என்பதையும் மனதில் வைத்து உங்கள் தாளோடு ஒப்பிடுங்கள். ரோஸ்டரில் எத்தனை பேர் வேறு கல்லூரிகளிலிருந்து மாறி வந்தவர்கள், எத்தனை பேர் வெளிநாட்டவர் என்பதையும் குறியுங்கள். ஒன்பதில் ஆறு பேர் அப்படி என்றால் அந்த கோச் ஹைஸ்கூல் பையன்களை நம்பி அணி கட்டுகிறவர் இல்லை. ஒரு கல்லூரிக்கு 20 நிமிடம் ஆகும். 40 கல்லூரிகள் செய்தால் எந்தக் கட்டணச் சேவையும் தராத தெளிவு வந்துவிடும்.

யார்டு விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பள்ளிப் போட்டி 6,400 யார்டில் நடக்கிறது என்று வைப்போம். 380 யார்டு பார் 4இல் (நான்கு அடியில் முடிக்க வேண்டிய ஓட்டை) முதல் அடியை 245 யார்டு அடித்தால் மீதி 135. ஒன்பதாம் அயர்னோ வெட்ஜோ (குறைந்த தூரத்துக்கான மட்டைகள்) போதும். அதே பையன் 7,100 யார்டில் 450 யார்டு பார் 4இல் நின்றால் மீதி 205. கையில் ஹைப்ரிட் (அதிகத் தூரத்துக்கான மட்டை). கிரீனை (ஓட்டையைச் சுற்றியுள்ள சீரான புல்தரையை) தவறவிட்டு, சிப் செய்து (சிறிதாகத் தூக்கி அடித்து), பட் போட்டுத்தான் (ஓட்டைக்குள் உருட்டித்தான்) பார் காக்க வேண்டும், அதுவும் நாள் முழுக்க எட்டுப் பத்து தடவை. 6,400இல் 75 அடிக்கிறவன் 7,100இல் 82 அடிப்பது இதனால்தான், அவன் ஆட்டம் கெட்டுப்போனதால் அல்ல. டிவிஷன் 1 நோக்கம் என்றால் பந்து காற்றிலேயே 260 யார்டாவது போக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேகம் வரவில்லையென்றால் பயிற்சி நேரத்தில் ஒரு பங்கை உடற்பயிற்சிக்கும் வேகப் பயிற்சிக்கும் ஒதுக்க வேண்டும். நல்ல பயிற்சியாளர் மேற்பார்வை இல்லாமல் வீட்டில் கண்டபடி எடை தூக்கினால் முதுகுதான் போகும்.

78ஐ 74 ஆக்க ஸ்விங்கை மாற்றுவது முதல் வழி அல்ல. அடுத்த பத்துப் போட்டி ரவுண்டுகளில் கார்டின் ஓரத்தில் நான்கே எண்களைக் குறிக்கச் சொல்லுங்கள்: பெனால்டி (தண்டனை அடி) எத்தனை, டபுள் போகியும் (பாரைவிட இரண்டு அதிகம்) அதற்கு மேலும் எத்தனை, மூன்று பட் எத்தனை, 30 யார்டுக்குள்ளிருந்து இரண்டு அடியில் முடிக்க முடியாமல் போனது எத்தனை. இந்த அளவில் ஆடும் பையன்களின் கார்டில் பாருக்கு ஆறு ஓவர் என்பது பெரும்பாலும் ஆறு போகியாக (பாரைவிட ஒன்று அதிகம்) இருக்காது. டீயிலிருந்து தண்ணீருக்குள்ளோ எல்லைக்கு வெளியிலோ போன ஒரு பந்து, அதனால் வந்த டபுள், மரத்துக்கு நடுவே சந்து பார்த்து அடித்த வீரத்தால் இன்னொரு டபுள், இரண்டு மூன்று-பட் என்றுதான் இருக்கும். ஆறும் அங்கேயே முடிந்தது. இதைச் சரிசெய்வது பாதி தீர்மானம், பாதி பயிற்சி: குறுகலான ஓட்டையில் டிரைவரை (மிகத் தூரம் அடிக்கும் மட்டையை) பையிலேயே வைப்பது, மரத்துக்குள் போனால் பக்கவாட்டில் வெளியே தட்டுவது, தினமும் 30 அடி தூரத்திலிருந்து பந்தை மூன்று அடி வட்டத்துக்குள் நிறுத்தப் பட் போடுவது. மாதம் ஒருமுறை முன் டீயிலிருந்து ஆட விடுங்கள். 60களில் ஸ்கோர் போய்க்கொண்டிருக்கும்போது கை நடுங்காமல் முடிப்பதும் பழக வேண்டிய ஒன்று.

போட்டிகளைத் தேர்வு செய்வதில் பெற்றோர் அவசரப்பட்டுப் பணத்தைக் கரைக்கிறார்கள். ஏஜேஜிஏ என்கிற அமெரிக்க ஜூனியர் கோல்ஃப் சங்கம் 1978இலிருந்து இயங்குகிறது. அதன் போட்டிகளுக்குத்தான் கோச்சுகள் அதிகம் வருவார்கள். ஆனால் அங்கே நுழைய மற்ற போட்டிகளில் நன்றாக ஆடிச் சேர்க்கும் ஸ்டார் கணக்கோ தகுதிச் சுற்றோ வேண்டும். வித்தியாசம் 6இல் இருக்கும்போது விமானம் ஏறிப் போய் ஒரு நாள் தகுதிச் சுற்றில் தோற்றுத் திரும்புவதில் எந்தப் பயனும் இல்லை. இந்த வருடம் மாநில அளவிலான இரண்டு நாள், மூன்று நாள் போட்டிகள் பத்து, பன்னிரண்டு ஆடினால் போதும், பெரும்பகுதி கோடையில். அவற்றில் முதல் ஐந்துக்குள் அடிக்கடி வர ஆரம்பித்த பிறகு மேலே போகலாம். ஜெயிக்கப் பழகுவதும் ஒரு திறமை; எப்போதும் 40ஆவது இடத்தில் முடிப்பவனுக்கு அது வராது. குடும்ப வருமானம் குறைவென்றால் ஏஜேஜிஏவின் ஏஸ் கிராண்ட் என்ற உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். யூத் ஆன் கோர்ஸ் உறுப்பினர் அட்டை இருந்தால் அதில் சேர்ந்துள்ள கோர்ஸ்களில் 5 டாலருக்குள் ஆடலாம். முதல் நாள் 84 அடித்துவிட்டு மறுநாள் 'உடம்பு சரியில்லை' என்று விலகும் பழக்கம் சில பிள்ளைகளிடம் உண்டு. முடிவுகள் எல்லாம் இணையத்தில் கிடக்கின்றன, விலகியதும் கிடக்கிறது. 84க்குப் பிறகு 75 அடித்தவனை கோச்சுக்குப் பிடிக்கும்.

இனி தொடர்புகொள்ளும் விதிகள். டிவிஷன் 1, 2 இரண்டிலும் 10ஆம் வகுப்பு முடிந்த ஜூன் 15க்கு முன் கோச் உங்கள் மகனிடம் ரெக்ரூட்டிங் (அணிக்கு ஆள் எடுப்பது) பற்றிப் பேச முடியாது. பொதுவான கேள்விப் படிவமும் முகாம் விளம்பரமும் மட்டும் அனுப்பலாம். மகன் அனுப்புகிற மின்னஞ்சலைப் படிப்பதற்குத் தடையில்லை, பதில் போடத்தான் தடை. இது தெரியாமல் 'பத்துப் பேருக்கு எழுதினான், ஒருவரும் மதிக்கவில்லை' என்று மனம் உடைந்து போகிறார்கள். டிவிஷன் 1இல் கல்லூரிச் செலவில் நேரில் அழைத்துப் போய்க் காட்டும் பயணம் 11ஆம் வகுப்புக்கு முந்தைய ஆகஸ்ட் 1க்குப் பிறகு. டிவிஷன் 3, என்ஏஐஏ கோச்சுகளுக்கு மின்னஞ்சலில் இந்தக் கட்டுப்பாடு கிடையாது, இன்றைக்கே பதில் வரலாம்.

மின்னஞ்சலை மகன்தான் எழுத வேண்டும். நீங்கள் எழுதினால் முதல் வரியிலேயே தெரிந்துவிடும், நம் ஊர் அலுவலக ஆங்கிலம் காட்டிக்கொடுக்கும். தலைப்பு வரியில் பெயர், ஹைஸ்கூல் முடிக்கும் ஆண்டு, ஊர், சராசரி வித்தியாசம், ஜிபிஏ (மார்க் சராசரி). உள்ளே ஐந்தாறு வரி: ஏன் இந்தக் கல்லூரி என்று உண்மையான ஒரு காரணம், கடைசி ஐந்து போட்டி முடிவுகள் யார்டோடும் ரேட்டிங்கோடும், அடுத்து ஆடப்போகும் போட்டிகளின் தேதி, ஸ்விங் வீடியோவின் இணைப்பு, பள்ளி கோச்சின் தொலைபேசி. முடிவுகளில் மோசமானதை மறைக்கக் கூடாது. வீடியோ மூன்று நிமிடத்துக்குள், பாட்டு வேண்டாம், கிராஃபிக்ஸ் வேண்டாம். கேமராவை முக்காலியில் கை உயரத்தில் வைத்து, நேர் எதிரிலிருந்து ஒரு கோணம், பந்து போகும் கோட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு கோணம். டிரைவர், ஒரு நடு அயர்ன், வெட்ஜ், பிறகு பிட்ச் (சிறு தூரத்துக்கு உயரத் தூக்கும் அடி), பங்கர் (மணல் குழி), பட். பந்து எங்கே போய் விழுகிறது என்பதும் தெரிய வேண்டும். ஆறு வாரத்துக்கு ஒருமுறை புது முடிவுகளோடு மூன்று வரி எழுதினால் போதும். கோச் போட்டியைப் பார்க்க வந்திருந்தால் நீங்கள் வண்டிப் பாதையிலேயே நில்லுங்கள், ஓட்டைக்கு ஓட்டை சைகை காட்டாதீர்கள். டபுள் போகிக்குப் பிறகு அவன் எப்படி நடக்கிறான் என்பதைப் பார்க்க வந்தவர், அப்பா முகம் எப்படி மாறுகிறது என்பதையும் பார்த்துவிட்டுத்தான் போவார்.

கட்டணச் சேவைகளைப் பற்றி: கோச்சுகளின் முகவரி எல்லாக் கல்லூரி இணையதளத்திலும் வெளிப்படையாக இருக்கிறது. ஒரே கடிதத்தை 300 பேருக்கு அனுப்புவதற்குப் பெரிய தொகை கொடுப்பது வீண். ஆங்கிலக் கடிதமும் அட்டவணையும் எழுதவே தெரியாத குடும்பத்துக்கு ஒரு நல்ல ஆலோசகர் உதவலாம், அதற்கு மேல் இல்லை. 'கட்டாயம் இடம் வாங்கித் தருகிறோம்' என்றால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

ஸ்காலர்ஷிப் விஷயத்தில் ஊரில் உலவும் கதைகளுக்கும் நிஜத்துக்கும் தூரம் அதிகம். பல வருடங்களாக டிவிஷன் 1 ஆண்கள் அணி ஒன்றுக்கு மொத்தமே நாலரை முழு ஸ்காலர்ஷிப். அதைத்தான் எட்டு, பத்துப் பேருக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். டிவிஷன் 2இல் 3.6. டிவிஷன் 3இல் விளையாட்டுக்கென்று ஒரு டாலர்கூடக் கிடையாது. ஐவி லீகிலும் அப்படியே. விளையாட்டு மாணவர்களுக்குப் பணம் கொடுப்பது பற்றி என்சிஏஏ மீது நடந்த வழக்கில் 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட ஹவுஸ் சமரசத்துக்குப் பிறகு, அதில் சேர்ந்த டிவிஷன் 1 கல்லூரிகளுக்கு நாலரை என்ற வரம்பு போய், அணியில் அதிகபட்சம் ஒன்பது பேர் என்ற வரம்பு வந்தது. ஒன்பது பேருக்கும் முழுதாகக் கொடுக்கலாம் என்பது அனுமதி; கொடுக்கப் பணம் இருக்கிறதா என்பது வேறு. நமக்கு உறைக்க வேண்டியது மறுபக்கம்: முன்பு பன்னிரண்டு பேரை வைத்திருந்த அணிகளும் இப்போது ஒன்பதோடு நிற்கின்றன, சும்மா சேர்ந்து ஆடிப் பார்க்கிறேன் என்று வருகிறவனுக்கு இடம் சுருங்கிவிட்டது. இந்த விதிகள் இன்னும் மாறிக்கொண்டிருப்பதால், பேசும் ஒவ்வொரு கோச்சிடமும் 'நீங்கள் சமரசத்தில் சேர்ந்த கல்லூரியா, எத்தனை பேர் வைத்திருக்கிறீர்கள்' என்று நேராகக் கேட்டுவிடுங்கள். நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட் என்ற பழைய ஒப்பந்தமும் 2024 அக்டோபரில் ஒழிந்துவிட்டது. இப்போது கையெழுத்துப் போடுவது கல்லூரியின் நிதியுதவி ஒப்பந்தத்தில். அதில் எத்தனை வருடத்துக்கு, என்ன தொகை என்று எழுதியிருப்பதுதான் உண்மை, வாயால் சொன்னது அல்ல.

என் கணிப்பில் உங்கள் மகனுக்கு வரப்போகும் பணத்தில் பெரும்பகுதி கோல்ஃபிலிருந்து வராது, மார்க்கிலிருந்து வரும். டிவிஷன் 3 கல்லூரிகளில் எமோரி, கார்னகி மெலன், வில்லியம்ஸ் எல்லாம் அடக்கம் என்பது நம்மவர்கள் பலருக்குத் தெரியாது. இப்படிப்பட்ட இடங்களில் 11ஆம் வகுப்பு முடிந்த கோடையில் கோச் மார்க் பட்டியலை அட்மிஷன் அலுவலகத்துக்குக் கொடுத்து முன்கூட்டியே கருத்துக் கேட்பார். 'தேறும்' என்று வந்தால் அந்த கோச்சின் ஆதரவோடு எர்லி டிசிஷனில் (இடம் கிடைத்தால் அங்கேயே சேருவேன் என்ற வாக்குறுதியோடு முன்கூட்டியே விண்ணப்பிக்கும் முறையில்) விண்ணப்பிப்பது வழக்கம். அது உத்தரவாதம் அல்ல. ஆனால் அட்மிஷனில் கிடைக்கிற அந்தத் தள்ளுதலுக்கு உள்ள மதிப்பு டிவிஷன் 2இல் கிடைக்கும் சில ஆயிரம் டாலரைவிடப் பெரிதாக இருக்கலாம்.

என்சிஏஏவின் தகுதி மையத்தில் கணக்கு தொடங்குங்கள். டிவிஷன் 1, 2க்கு 16 அடிப்படைப் பாடங்கள் வேண்டும். டிவிஷன் 1இல் அந்தப் பாடங்களில் குறைந்தது 2.3 ஜிபிஏ, டிவிஷன் 2இல் 2.2. எஸ்ஏடி, ஏசிடி என்ற கல்லூரி நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணை 2023இலிருந்து என்சிஏஏ கேட்பதில்லை, கல்லூரி கேட்கலாம். நம் பிள்ளைகள் 2.3இல் தடுக்கி விழ மாட்டார்கள். விழுவது வேறொரு விதியில்: டிவிஷன் 1க்கு 16இல் பத்துப் பாடங்களை 12ஆம் வகுப்பு தொடங்குவதற்குள் முடித்திருக்க வேண்டும், அவற்றில் ஏழு ஆங்கிலம், கணிதம், அறிவியலில். பிறகு மறுபடி எழுதி மார்க்கைக் கூட்ட முடியாது. எடுக்கும் பாடம் உங்கள் பள்ளியின் பெயரில் என்சிஏஏ அங்கீகரித்த பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள், முக்கியமாக கோடையில் ஆன்லைனில் முடிக்கும் பாடங்களை. 8ஆம் வகுப்பில் முடித்த அல்ஜீப்ரா ஹைஸ்கூல் மார்க் பட்டியலில் கிரெடிட்டோடு ஏறியிருந்தால் அதுவும் சேரும். போட்டியில் பரிசுக் கூப்பன், பணம், இலவச கிளப் என்று எது வந்தாலும் வாங்கும் முன் என்சிஏஏ விதியோடு மாநிலப் பள்ளி விளையாட்டு அமைப்பின் விதியையும் பாருங்கள், இரண்டும் ஒன்றல்ல.

கோச்சோடு பேச ஆரம்பித்ததும் மகன் கேட்க வேண்டியவை சில: பயணத்துக்குப் போகும் ஐந்து பேரை எப்படித் தேர்வு செய்கிறீர்கள், தகுதிச் சுற்றிலா உங்கள் விருப்பத்திலா? கணினிப் பொறியியல் படிப்பவர் அணியில் யாராவது இருக்கிறார்களா? இரண்டாவது கேள்வி முக்கியம். கல்லூரிப் போட்டிகள் பெரும்பாலும் திங்கள், செவ்வாயில் விழும், பயிற்சி மதியத்தில். இன்ஜினியரிங், பயாலஜி லேப்களும் மதியத்தில்தான். சீசனில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை அணிக்குப் போகும், அதில் பயண நேரம் சேராது. சில கோச்சுகள் இதற்கு வழி செய்து தருவார்கள், சிலர் மெதுவாக 'பிசினஸ் படியேன்' என்பார்கள்.

எச்-1பி குடும்பத்துக்கு மூன்று விஷயம். பிள்ளைகளுக்கு உள்ள எச்-4 (எச்-1பி ஊழியரின் குடும்பத்தினருக்கான விசா) நிலை 21 வயதில் முடியும். அது கல்லூரி மூன்றாம் ஆண்டு வாக்கில் வரும், எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கு மாற முன்பே திட்டமிட வேண்டும். ஃபெடரல் நிதியுதவி எச்-4க்குக் கிடையாது, பல தனியார் கல்லூரிகள் உதவித்தொகைக்கு உங்கள் பிள்ளையை வெளிநாட்டு மாணவராகவே கருதும். ஒவ்வொன்றிடமும் எழுதிக் கேளுங்கள். மூன்றாவது, ஸ்காலர்ஷிப் வாங்குவதில் சிக்கல் இல்லை, ஆனால் தன் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்து வாங்கும் பணமும், கல்லூரி நேரடியாகக் கொடுக்கும் வருவாய்ப் பங்கும் அனுமதியில்லாத வேலை என்று கருதப்படும் ஆபத்து உண்டு. சக ஆட்டக்காரன் வாங்குகிறானே என்று கையெழுத்துப் போட விடாதீர்கள். இதில் கோல்ஃப் தெரிந்தவர் சொல்வது போதாது, குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் செலவழியுங்கள். ஸ்காலர்ஷிப்பில் டியூஷனுக்குப் போகும் பகுதிக்கு வரி இல்லை, தங்குமிடம், சாப்பாட்டுக்குப் போகும் பகுதிக்கு உண்டு என்பதையும் கணக்கில் வையுங்கள்.

எந்த அணியிலும் இடம் கிடைக்காமல் போனாலும் பெரிய பல்கலைக்கழகங்கள் பலவற்றில் மாணவர்களே நடத்தும் கிளப் கோல்ஃப் அணி உண்டு, அவற்றுக்குள் தேசிய அளவில் போட்டியும் நடக்கிறது. செமஸ்டருக்கு இரண்டு மூன்று போட்டி, லேப் தவறாது.

மகளைப் பற்றி ஒரே வரியில் சொல்லியிருந்தீர்கள். என்னைக் கேட்டால் அந்த வரிதான் உங்கள் கடிதத்தில் அதிக நம்பிக்கை தருவது. பெண்கள் பிரிவில் பழைய கணக்கிலேயே டிவிஷன் 1க்கு ஆறு, டிவிஷன் 2க்கு 5.4 முழு ஸ்காலர்ஷிப், அணியோ பெரும்பாலும் சிறியது, போட்டி போடும் பிள்ளைகளும் குறைவு. 6,000 யார்டை ஒட்டிய கோர்ஸில் ரேட்டிங்கைவிட ஐந்தாறு அதிகம் அடிக்கும் பெண்ணுக்கு டிவிஷன் 1இன் கீழ்நிலை அணிகளே கதவைத் திறக்கும், பத்து அதிகமானாலும் டிவிஷன் 2, 3இல் இடம் உண்டு. அவளுக்கு இன்னும் ஐந்து வருடம் இருக்கிறது. இப்போதைக்கு அவளை அண்ணனின் போட்டிகளுக்கெல்லாம் இழுத்துக்கொண்டு அலையாமல், 5,200 யார்டு டீயில் வாரம் ஒரு ரவுண்டு, அவள் கையால் எழுதிய கார்டு, வருடத்துக்கு ஐந்தாறு உள்ளூர்ப் போட்டி என்று விடுங்கள். கூடைப்பந்தோ நீச்சலோ ஆடுகிறாள் என்றால் அதை நிறுத்த வேண்டாம்.